ஒரு பல்கலைக்கழகத்தின் உள்ளகப் புகார்க் குழு: பயன்படுத்தியவரின் மதிப்பீடு

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தபோது, அங்குள்ள உள்ளகப் புகார்க் குழுவிடம் பாலியல் துன்புறுத்தல் புகார் ஒன்றை அளித்தேன். ஓட்டலையும் மருத்துவமனையையும் பயன்படுத்திப் பார்த்தவர்கள் அவற்றைப் பற்றி எழுதிவைக்கிறார்கள். பின்னால் வருபவர்கள் படித்துத் தெளிகிறார்கள். இந்தக் குழுவும் கல்வி நிறுவனம் தன் மாணவிகளுக்கும் பணியாளர்களுக்கும் சட்டப்படி வழங்கியாக வேண்டிய ஒரு சேவைதான். ஆனால் அதன் வாசலுக்குள் போய் வந்தவர் எழுதிய குறிப்பு ஒன்றையும் நான் பார்த்ததில்லை. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று மூன்று வாரம் உறங்காமல் கிடந்த நாட்களில் அப்படி ஒரு பக்கம் கிடைத்திருந்தால் எனக்குப் பெரிய துணையாக இருந்திருக்கும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

எதைச் சொல்லக் கூடாது என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013இன் 16ஆம் பிரிவு, புகாரின் உள்ளடக்கத்தையும் இரு தரப்பார், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை விவரங்களையும் பொதுவெளியில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. யாரையும் அடையாளம் காட்டாமல், கிடைத்த நீதியைப் பற்றிய தகவலைச் சொல்வதற்கு அதே பிரிவு இடம் தருகிறது. ஆகவே நிறுவனம், துறை, ஆண்டு, நடந்த சம்பவம் எதுவும் இங்கே இராது. எதிர்மனுதாரர், அதாவது நான் யார் மீது புகார் அளித்தேனோ அவர், என் படிப்பை மதிப்பிடும் இடத்தில் இருந்தவர் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் இந்த மதிப்பீட்டின் முக்கியமான பகுதி விளங்காது.

வளாகத்தில் இந்தக் குழுவை இன்றும் 'விசாகா கமிட்டி' என்றே சொல்கிறார்கள். ராஜஸ்தானின் படேரி கிராமத்தில், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றிய பன்வாரி தேவி, ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதைத் தொடர்ந்து மகளிர் அமைப்புகள் தொடுத்த 'விசாகா' பொதுநல வழக்கில், தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 1997 ஆகஸ்ட் 13 அன்று வகுத்த வழிகாட்டு நெறிகளே இத்தகைய குழுக்களின் தொடக்கம். அது சட்டமாக மாற மேலும் 16 ஆண்டுகள் ஆயின; 2013 டிசம்பர் 9 அன்றுதான் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டு விதிமுறைகளை வகுத்து, 2016 மே மாதம் அரசிதழில் வெளியிட்டது. மாணவிகளாகிய நமக்கு உண்மையில் பயன்படுவது இந்த விதிமுறைகள்தான். சட்டத்தின் பெயரில் உள்ள 'பணியிடம்' என்ற சொல்லைப் பார்த்து, ஊதியம் வாங்குபவர்களுக்கு மட்டுமே இது உரியது என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். இளங்கலை முதலாண்டு மாணவி முதல் ஆய்வு மாணவி வரை எல்லோருக்கும் இது பொருந்தும். மாணவர்களில் ஆண்களும் மூன்றாம் பாலினத்தவரும்கூடப் பாதிக்கப்படக்கூடும் என்பதையும் மானியக் குழுவின் விதிமுறைகள் ஏற்றுக்கொள்கின்றன.

குழுவைக் கண்டுபிடிப்பதே முதல் வேலையாக இருந்தது. குழுவை அமைத்த ஆணையையும் துன்புறுத்தலுக்குரிய தண்டனை விவரத்தையும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்று சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பலகை இருக்கத்தான் செய்தது. ஆனால் அதில் தலைவராகக் குறிப்பிடப்பட்டிருந்த பேராசிரியர் ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தொலைபேசி எண் வேறொரு பிரிவில் ஒலித்தது. எடுத்தவரிடம் குழுவின் பெயரைச் சொல்லிக் கேட்டதும், "எதுக்கும்மா கேக்குறீங்க?" என்று திரும்பக் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே இணைப்பைத் துண்டித்துவிட்டு விடுதிக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த முயற்சிக்கு எனக்கு ஆறு நாள் தேவைப்பட்டது. பழைய எண்ணை மாற்றி எழுத ஒரு நிமிடம் போதும். அது மாற்றப்படாததால் ஒருத்தி இழக்கும் ஆறு நாட்கள், மூன்று மாதக் கெடுவிலிருந்து கழிகின்றன.

அந்தக் கெடுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பவம் நடந்த நாளிலிருந்து, தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து, மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு அதைப் பதிவு செய்து மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் வழியில்லை. கொல்கத்தாவில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில், துணைவேந்தருக்கு எதிராகப் பேராசிரியை ஒருவர் 2023 டிசம்பரில் புகார் அளித்தார். கடைசிச் சம்பவம் அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்ததாகக் கொள்ளப்பட்டதால், காலம் கடந்துவிட்டது என்று புகார் தள்ளப்பட்டது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்த முடிவை உறுதி செய்தது. ஆயினும் அந்தத் தீர்ப்பு துணைவேந்தரின் தன்விவரக் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்று ஆணையிட்டது. சட்டம் கற்பிக்கும் ஒருவருக்கே கெடு தப்பிப்போகிறது என்றால், கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாக வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணுக்கு அது எவ்வளவு குறுகிய காலம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தன் ஆய்வேடு யார் கையில் இருக்கிறதோ அவர் மீதே புகார் எழுத மனம் துணிவதற்குள் ஒரு பருவம் முடிந்துவிடும். சட்டத்தில் திருத்த வேண்டிய முதல் இடம் இந்தக் கெடுதான் என்பது என் உறுதியான கருத்து.

புகார்ப் படிவம் ஒன்றைத் தந்தார்கள். படிவத்தில்தான் எழுத வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. வெள்ளைத் தாளில் எழுதினாலும் போதும், எழுத இயலாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். அந்தப் படிவத்தின் அடியில், பொய்ப் புகார் அளித்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். 14ஆம் பிரிவில் அப்படி ஒரு வரி இருப்பது உண்மைதான். புகாரை நிரூபிக்க முடியாமல் போனதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்றும், தீய நோக்கம் இருந்தது என்பது தனியாக விசாரித்து நிறுவப்பட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்தப் பாதி படிவத்தில் இல்லை. சாட்சி இல்லாத அறையில் நடந்ததை எழுத உட்கார்ந்த எனக்கு, அந்தத் தடித்த வரியைத் தாண்டிப் பேனாவை நகர்த்துவது எளிதாக இல்லை. குழு உறுப்பினர்கள் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், தங்கள் படிவத்தை எடுத்து அந்த ஒரு வரியைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2013ஆம் ஆண்டின் விதிகள் கேட்பதுபோல் ஆறு படிகள், இணைப்புகள், சாட்சிகளின் பெயர், முகவரி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். தபால் பிரிவில் முத்திரை வைத்துத் தர மறுத்தார்கள். "இதெல்லாம் இரகசியம்மா, மேடம்கிட்டயே நேர்ல குடுத்துடுங்க" என்றார் அங்கிருந்த உதவியாளர். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்; ஆனால் தேதியிட்ட ஒப்புகை இல்லாத புகாருக்குக் காலக்கெடு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும்? ஒட்டிய உறையை மட்டும் பதிவு செய்துகொண்டு, 'இரகசியம்' என்று மேலே எழுதி, அலுவலகப் பதிவு எண்ணான ந.க. எண் கொடுத்தால் உள்ளடக்கமும் காக்கப்படும், தேதியும் நிற்கும். இதைச் சொல்லித்தர எனக்கு யாரும் இல்லை. இரண்டாம் முறை போனபோது குழுத் தலைவரே என் நகலில் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். "உட்காரும்மா, தண்ணி குடி, அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டு, நான் பேசத் தொடங்கும்வரை தன் மேசையிலிருந்த எதையும் தொடாமல் காத்திருந்தார். இந்தச் சேவையில் நான் பெற்ற மிகச் சிறந்த அரை மணி நேரம் அது.

பிறகு குழுவின் அமைப்பைப் பார்த்தேன். மானியக் குழுவின் விதிமுறைகளின்படி தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத பணியாளர் இருவர், வெளியிலிருந்து தொண்டு நிறுவனம் சார்ந்த ஒருவர். மாணவர் தொடர்பான புகார் என்றால் இளங்கலை, முதுகலை, ஆய்வு நிலைகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். துணைவேந்தர், பதிவாளர், புலத் தலைவர், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பதும் விதி. எங்கள் குழுவில் துறைத் தலைவர் ஒருவர் இருந்தார். எதிர்மனுதாரருடன் ஒரே கல்விக் குழுவில் மாதம் தவறாமல் அமர்பவர். விதியின் வாசகத்தைக் குறிப்பிட்டு நான் எழுத்துமூலம் ஆட்சேபித்தேன். இரண்டு வாரம் கழித்து அவருக்குப் பதிலாக வேறொருவரை நியமித்தார்கள். திருத்திக்கொண்டதை நான் மதிக்கிறேன். ஆனால் அதைத் திருத்தும் பொறுப்பு புகார் கொடுத்தவள் மேல் விழுந்திருக்கக் கூடாது. என்னைப் போல் விதிமுறைகளை வரிவரியாகப் படிக்க நேரமோ ஆங்கிலமோ இல்லாத ஒருத்தி, அவர் முன்னிலையிலேயே வாக்குமூலம் தந்திருப்பாள்.

மாணவப் பிரதிநிதிகளும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். துறைகள் பெயர் அனுப்ப, நிர்வாகம் நியமித்தது. இதில் நான் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1999 முதல் 2017 வரை செயல்பட்ட ஜிஎஸ்கேஷ் என்ற பாலியல் துன்புறுத்தல் எதிர்ப்பு அமைப்பில் மாணவர், ஆசிரியர், பணியாளர் பிரதிநிதிகள் தேர்தல் மூலம் வந்தார்கள். அதை நீக்கிவிட்டு உள்ளகக் குழுவைக் கொண்டுவந்தபோது அங்குள்ள மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்த்ததன் காரணம் அப்போது எனக்குப் புரியவில்லை. விசாரணை அறையில் உட்கார்ந்தபோது புரிந்தது. எதிரில் இருந்த ஆய்வு மாணவர் பிரதிநிதியின் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) அந்த மாதம் நிர்வாகத்தின் மேசையில் இருந்தது. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. நியமனத்தால் வந்தவருக்குப் பின்னால் நிற்க யாரும் இல்லை.

இந்த மதிப்பீட்டில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இடைக்கால நிவாரணத்தைப் பற்றி. புகார் என்றதும் எல்லோரும் தண்டனையைப் பற்றியே பேசுகிறார்கள். தண்டனை, வந்தால், பல மாதம் கழித்து வரும். அதுவரை புகார் கொடுத்தவள் என்ன செய்வாள்? ஆய்வு மாணவியின் வாழ்க்கை மேற்பார்வையாளரான கைடின் கையெழுத்தில் ஓடுகிறது. உதவித்தொகைக்கான தொடர்ச்சிச் சான்று, வீட்டு வாடகைப்படி, ஆய்வகச் சாவி, கருத்தரங்குக்குப் போக அனுமதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆய்வை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டி முன் வைக்க வேண்டிய முன்னேற்ற அறிக்கை, கடைசியில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் படிவம்வரை ஒவ்வொன்றிலும் ஒரு கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து இரண்டு மாதம் நின்றாலே விடுதிக் கட்டணம் நிலுவையாகும். வீட்டுக்குச் சொல்ல வேண்டிவரும். வீட்டில், "போதும், படிச்சது போதும், வந்துடு" என்பார்கள். பெரும்பாலான புகார்கள் இங்கேதான் முடிந்துபோகின்றன என்று நினைக்கிறேன், தீர்ப்பில் அல்ல.

சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் எழுத்துமூலம் கேட்டால், விசாரணை நடக்கும்போதே இருவரில் ஒருவரை இடம் மாற்றவும் மூன்று மாதம் வரை விடுப்பு வழங்கவும் குழு பரிந்துரைக்கலாம் என்கிறது 12ஆம் பிரிவு. 2013ஆம் ஆண்டு விதிகளில் 8ஆம் விதி இன்னும் நேரடியாக, கல்வி நிறுவனம் என்றால் பாதிக்கப்பட்டவரின் கல்விப் பணி எதையும் எதிர்மனுதாரர் மேற்பார்வையிடாமல் தடுக்கலாம் என்கிறது. தேர்வையும் செயல்பாட்டையும் அவர் மதிப்பிடாமல் தடுப்பதையும், விலகி இருக்கும்படி எச்சரிப்பதையும், பழிவாங்கலிலிருந்து காப்பதையும் மானியக் குழுவின் விதிமுறைகள் சேர்த்துச் சொல்கின்றன. இத்தனை இருந்தும், இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எங்கள் குழுவில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நல்ல மனம் கொண்ட தலைவரும் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்கவில்லை என்பதைப் பிறகு உணர்ந்தேன். ஒரு வழக்கறிஞர் அக்கா தொலைபேசியில் சொல்லித்தான், புகார் அளித்து மூன்றாவது வாரம் தனி மனுவாக எழுதிக் கொடுத்தேன். 34ஆம் நாள் ஆணை வந்தது: மேற்பார்வையாளர் மாற்றம், டாக்டரல் கமிட்டியில் ஓர் உறுப்பினர் மாற்றம், ஆய்வகத்துக்குத் தனி நேர ஒதுக்கீடு. ஒரு பக்கக் காகிதம். அந்த வாரம் நான் இரண்டு மாதத்துக்குப் பிறகு ஆய்வகத்தில் பழைய தரவுகளைத் திறந்தேன்.

இடையில் தவறிப்போன ஒன்றையும் சொல்ல வேண்டும். எதிர்மனுதாரருக்குப் புகார் நகலை 7 நாளில் அனுப்ப வேண்டும். 19ஆம் நாள்தான் அனுப்பினார்கள். பாதுகாப்புப் பிரிவிடம் கண்காணிப்புக் கேமராப் பதிவைக் கேட்டுக் குழு கடிதம் எழுதியது அதற்கும் பிறகு. அதற்குள் பதிவுகள் தாமாகவே அழிந்துவிட்டிருந்தன. ஆவணங்களை வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரத்தை 11ஆம் பிரிவு இந்தக் குழுவுக்கு அளித்திருக்கிறது. அதிகாரம் இருந்தும், முதல் நாளிலேயே ஒரு வரிக் கடிதம் போகாததால் அது பயன்படவில்லை. இதைப் படிக்கும் யாரேனும் புகார் அளிக்கப் போவதாக இருந்தால், பதிவுகளைப் பாதுகாத்துவைக்கக் கோரும் கடிதத்தைப் புகாருடனேயே இணைத்துவிடுங்கள்.

விசாரணை மூன்று அமர்வுகளாக நடந்தது. எதிர்மனுதாரரும் நானும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருக்க நேராதபடி ஏற்பாடு செய்திருந்தார்கள். குறுக்குக் கேள்விகளை எழுத்தில் வாங்கிக் குழுவே என்னிடம் கேட்டது. இந்த ஏற்பாட்டுக்கு முழு மதிப்பெண் தருவேன். இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்பது விதி. முதல் அமர்விலேயே ஓர் உறுப்பினர், "இவ்வளவு தூரம் வரணுமாம்மா, பேசி முடிச்சுக்கலாமே" என்றார். சமரசம் என்பது பாதிக்கப்பட்டவர் தானாகக் கேட்டால் மட்டுமே தொடங்கக்கூடியது. அப்போதும் பணத்தை அடிப்படையாக வைத்து முடிக்கக் கூடாது. வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர், மகளிர் அமைப்பில் நீண்ட காலம் பணியாற்றியவர், அந்த இடத்திலேயே குறுக்கிட்டு, அந்தக் கேள்வியைக் குழு கேட்க முடியாது என்று பதிவு செய்யச் சொன்னார். வெளி உறுப்பினர் என்ற ஒற்றை இருக்கையை ஏன் சட்டம் வைத்தது என்று அன்று தெரிந்தது. நிறுவனத்திடம் ஊதியமோ பதவி உயர்வோ எதிர்பார்க்காத ஒருவர் அந்த அறையில் இருந்ததால் மற்றவர்களின் பேச்சும் மாறியது.

என்னை அதிகம் வருத்தியது மொழி. நான் தமிழில் பேசினேன். பதிவு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டது. படித்துப் பார்த்துக் கையெழுத்திடச் சொன்னபோது, நான் பல விதமாக, தயங்கித் தயங்கிச் சொன்ன நான்கு வேறு நிகழ்வுகள் 'தகாத நடத்தை' என்று பொருள்படும் ஒரே ஆங்கிலத் தொடராகச் சுருங்கியிருந்தன. தொட்டது ஒரு சொல், வழியை மறித்தது ஒரு சொல், இரவில் அழைத்துப் பேசியது ஒரு சொல், மதிப்பெண்ணைச் சொல்லி மிரட்டியது ஒரு சொல். சட்டமும் அவற்றைத் தனித்தனியாகத்தான் வரையறுக்கிறது: உடல்ரீதியான தொடுகையும் நெருங்கலும், பாலியல் இணக்கத்தைக் கேட்பது, பாலியல் சாயல் கொண்ட பேச்சு என்று 2ஆம் பிரிவில் வரிசை உண்டு, சலுகை காட்டுவதாகவோ கெடுப்பதாகவோ சொல்வது 3ஆம் பிரிவில் தனியாக உண்டு. எல்லாவற்றையும் ஒரு சொல்லில் அடைத்தால் தண்டனையின் அளவும் அந்தச் சொல்லின் அளவுக்குச் சுருங்கிவிடும். கையெழுத்திட மறுத்து, தமிழிலேயே பதிவு வேண்டும் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் தாமதமானாலும் ஒப்புக்கொண்டார்கள். பணியாளர் பிரதிநிதியாக இருந்த அலுவலக அம்மாவே கைப்பட எழுதினார். நான் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதி, ஒவ்வொரு பத்தி முடிவிலும், "இப்படித்தானேம்மா சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டார்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், 127 நாளாயிற்று. இந்தத் தாமதத்தில் ஒரு பகுதியை என்னால் மன்னிக்க முடிகிறது. கோவா பல்கலைக்கழக வழக்கு ஒன்றில், மாணவிகளின் புகார்களைக் குழு மிதமிஞ்சிய அவசரத்தில் விசாரித்து முடித்தது என்று சொல்லி, பல ஆண்டுகள் கழித்து 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் பணிநீக்க ஆணையை ரத்து செய்து, மீண்டும் விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியது. புகார் அளித்த மாணவிகள் படித்து முடித்து எங்கெங்கோ போயிருப்பார்கள். அவர்களுக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. எதிர்மனுதாரருக்கு உரிய வாய்ப்பைத் தராத விசாரணை கடைசியில் புகார் கொடுத்தவரையே கைவிட்டுவிடுகிறது. ஆகவே எதிர்மனுதாரர் கேட்ட ஒத்திவைப்பைக் குழு அளித்தபோது நான் எதிர்க்கவில்லை. ஆனால் நான்கு வாரங்கள் கூட்டம் கூட உறுப்பினர் எண்ணிக்கை சேரவில்லை என்பதற்காகவே போயின. அதை ஏற்க முடியாது. அறிக்கையின் முடிவுப் பகுதி எனக்குக் கிடைத்தது. விதிப்படி 30 நாளில் எடுக்க வேண்டிய நடவடிக்கை 52ஆம் நாள் எடுக்கப்பட்டது. புகார் நிரூபிக்கப்பட்டதாகக் குழு முடிவு செய்தது என்பதையும் நிர்வாகம் பரிந்துரையை ஏற்றது என்பதையும் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல அனுமதி இல்லை.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நியாயம். காவல்துறைக்குப் போகும் உரிமை எப்போதும் உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவின்கீழ் பாலியல் துன்புறுத்தல் தனிக் குற்றம், பின்தொடர்தல் 78ஆம் பிரிவில் வருகிறது. பெண் விரும்பினால் காவல்துறையில் புகார் தர உதவுவதும் நிறுவனத்தின் கடமை. ஆனால் கையெழுத்தை மாற்றித் தர, மேற்பார்வையாளரை மாற்றித் தரக் காவல் நிலையத்தால் முடியாது. இரகசியம் காப்பதிலும் அங்கே அச்சம் இருக்கிறது: 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில் அவருடைய விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது, சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததோடு, அவருக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. அந்த மாணவி உறுதியாக நின்றதால் ஐந்து மாதத்தில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளம் வழியாகவும் புகார் பதியலாம். தேதி தானாகப் பதிவாகும் என்பது அதன் பெரிய நன்மை. எனினும் புகார் கடைசியில் அதே உள்ளகக் குழுவின் மேசைக்குத்தான் வரும். புகார் நிறுவனத் தலைவர் மீதே என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுக வேண்டும்.

2025 ஜூலையில் ஒடிசாவின் பாலசோரில், தன் துறைத் தலைவர் மீது புகார் அளித்திருந்த இருபது வயது கல்லூரி மாணவி வளாகத்திலேயே தீக்குளித்து, இரண்டு நாள் கழித்து உயிரிழந்தார். அங்கும் புகார்க் குழு இருந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று என் கோப்பை எடுத்து, புகார் அளித்த நாளுக்கும் இடைக்கால ஆணை வந்த நாளுக்கும் நடுவில் இருந்த அந்த 34 நாட்களை மறுபடி எண்ணிப் பார்த்தேன். அவற்றில் பதினைந்தாம் நாள் வாக்கில் நானும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குப் போகப் பெட்டியைக் கட்டியிருந்தேன். அன்று மாலை குழுத் தலைவர் தொலைபேசியில் அழைத்து, புகாரைப் பற்றி ஒன்றும் பேசாமல், "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். எந்த விதியிலும் இல்லாத அந்த அழைப்புதான் என்னை நிறுத்தியது. அவர் அழைக்க மறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது. ஒருவரின் நல்ல மனத்தை நம்பி இந்தச் சேவை இருக்கக் கூடாது. புகாரைப் பெற்றுக்கொள்ளும் அன்றே, இடைக்கால நிவாரணத்துக்கான மனுவையும் எழுதித்தர வேண்டுமா என்று கேட்பதைக் குழு தன் நடைமுறையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: தேதியிட்ட ஒப்புகை வாங்காமல் எந்தக் காகிதத்தையும் கொடுக்காதீர்கள். குழு உறுப்பினர் பட்டியலைக் கேட்டு வாங்கி, நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர் இருந்தால் எழுத்தில் ஆட்சேபியுங்கள். நிவாரண மனுவைத் தனியாகக் கொடுங்கள். வாக்குமூலத்தை உங்கள் மொழியில் எழுதச் சொல்லுங்கள்.

என் ஆய்வேட்டைச் சமர்ப்பித்த அன்று அந்த நிர்வாகக் கட்டடத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. கீழ்த்தளப் பலகையில் புதிய தலைவரின் பெயரும் புதிய எண்ணும் இருந்தன. வெளியே வந்து, மரத்தடியில் நின்று, அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்கள்.